மின்தடையின்போது ஜெனரேட்டர் தானாகவே ஓட வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

இரவுக்காவல்:
வணக்கம். அப்பா ஒன்பது மாதங்களாக ஆக்சிஜன் செறிவூட்டியை நம்பி இருக்கிறார். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கருவி, 350 வாட் எடுக்கிறது. இரவு முழுவதும் அது ஓடியாக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் 5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும். சோக்கை மட்டும் கையால் இழுக்க வேண்டும்.

சென்ற மாதம் நான் வெளியூரில் இருந்தேன். இரவு 2 மணி, காற்றும் மழையும். மின்சாரம் போனதும் செறிவூட்டி கூவத் தொடங்கியிருக்கிறது. அம்மா ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் கைபேசியுமாகக் கொட்டகைக்குப் போனார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் சோக்கை இழுத்தார், சாவியைத் திருப்பினார், நின்றுபோனது, மறுபடியும் திருப்பினார். ஜெனரேட்டர் பிடிக்க 20 நிமிடம் ஆயிற்று. அதற்குள் அப்பாவின் விரலில் மாட்டியிருந்த கருவி இரத்த ஆக்சிஜன் 84 விழுக்காடு என்று காட்டியது.

இனி அம்மா இருட்டில் அந்தக் கொட்டகைக்குப் போகக் கூடாது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் தானாக ஓட வேண்டும், வந்தால் தானாக நிற்க வேண்டும். ஈஎஸ்பி32 பலகை (நிரல் ஏற்றி இயக்கும் சிறு கணினி) ஒன்றும் நான்கு ரிலேக்களும் (மின்னால் இயங்கும் சிறு சுவிட்சுகள்) வாங்கி வைத்திருக்கிறேன். நிரல் எழுதத் தெரியும். மின்வேலை அரைகுறையாகத்தான் தெரியும். செறிவூட்டி தவிர வீட்டில் குளிர்பதனப் பெட்டி, 1 எச்பி தண்ணீர் மோட்டார், அப்பா அறையில் 1.5 டன் ஏசி, விளக்குகள், மின்விசிறிகள் உள்ளன. எங்கிருந்து தொடங்குவது?

திருகாணி:
அப்பா நலமாக இருக்கட்டும். ரிலேயைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி: இப்போது ஜெனரேட்டரின் மின்சாரம் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது? சேஞ்ச்ஓவர் சுவிட்ச், அதாவது வீட்டை மின்வாரியத்தோடோ ஜெனரேட்டரோடோ ஒன்றோடு மட்டும் இணைக்கும் சுவிட்ச், இருக்கிறதா? எத்தனை போல், அதாவது எத்தனை கம்பிகளை மாற்றும்?

இரவுக்காவல்:
சுவிட்ச் இல்லை. இரண்டு முனையிலும் பின் நீட்டிக்கொண்டிருக்கும் பிளக் போட்ட கம்பி ஒன்று வைத்திருக்கிறோம். ஒரு முனை ஜெனரேட்டரில், மறு முனை வராந்தாவில் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் செருகுவோம்.

பழையகம்பி:
தம்பி, இதைப் படித்த கையோடு எழுந்து போய் அந்தக் கம்பியை எடுத்து மறைத்து வையுங்கள். பிறகு வந்து மீதியைப் படியுங்கள்.

முப்பத்தோரு ஆண்டுகள் லைன் வேலை பார்த்தவன் நான். உங்கள் தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 230 ஆக இறக்கித் தருகிறது என்றுதானே நினைக்கிறோம்? அதற்கு மேல் கீழ் தெரியாது. கீழே 230 கொடுத்தால் மேலே 11,000 கொடுக்கும். மெயினை அணைக்க ஒருவர் ஒரே ஒரு முறை மறந்தால் போதும், இறந்த லைன் என்று நம்பிக் கை வைத்தவன் மேல் அது பாயும். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கால் தடுக்கிப் பிளக் கழன்று விழுந்தால், அந்தப் பின்னில் முழு மின்சாரமும் திறந்து நிற்கும்.

என்னோடு வேலை பார்த்த ஒருவன், என்னைவிட நான்கு வயது இளையவன், கம்பத்தில் இருந்தபோது ஒரு வீட்டு ஜெனரேட்டர் மின்சாரம் திரும்பி வந்தது. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உயிர் பிழைத்தான். வலது கையின் மூன்று விரல்கள் போய்விட்டன. லைனைத் தொடுவதற்கு முன் அதைக் குறுக்கே இணைத்து எர்த்து செய்துவிட வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். அன்று மழை, அவசரம், கீழே பத்துப் பேர் நின்று எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அதைச் செய்யவில்லை. ஆனால் தொடக்கத் தவறு அந்த வீட்டில் இருந்தது.

திருகாணி:
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். “தெருவே என் ஜெனரேட்டரை இழுத்தால் அது திணறி நின்றுவிடும், ஆகவே ஆபத்தில்லை” என்று பலரும் நம்புகிறார்கள். எல்லா நேரமும் நிற்காது. கம்பி உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே அறுந்திருந்தால் சுமையே இருக்காது. அது சுகமாக ஓடிக்கொண்டே இருக்கும்.

இரவுக்காவல்:
கம்பியைக் கழற்றிவிட்டேன். அன்று மெயினை அணைத்தார்களா என்று இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன். “மெயின் சுவிட்சைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லையே” என்றார். நான் சொல்லவில்லை. சோக்கைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று கிளை விழுந்து அறுந்தது கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் கம்பிதான். விடியும்வரை அதன் அறுந்த முனையில் எங்கள் ஜெனரேட்டரின் மின்சாரம் இருந்திருக்கிறது. ஐந்து மணிக்கு பெட்ரோல் தீர்ந்து தானாக நின்றது. ஏழு மணிக்குப் பணியாளர் வந்து கம்பியைக் கையில் எடுத்தார். இரண்டு மணி நேர இடைவெளி. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

பழையகம்பி:
தெரிந்துகொண்டீர்கள், அது போதும். இனி வேலையைப் பார்ப்போம்.

சுழலி:
நான் ஜெனரேட்டர் பழுது பார்க்கிறவன். முதலில் தானியங்கி சேஞ்ச்ஓவர். இரண்டு கான்டாக்டர்கள் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மின்காந்த சுவிட்சுகள்), ஒன்று மெயின்ஸுக்கு, அதாவது மின்வாரிய மின்சாரத்துக்கு, ஒன்று ஜெனரேட்டருக்கு. இரண்டுக்கும் நடுவே இயந்திரப் பூட்டு இருக்க வேண்டும்: ஒன்று உள்ளே இழுக்கப்பட்டிருக்கும்போது மற்றது அசையவே முடியாதபடி இரும்புத் துண்டு தடுக்கும். அதற்கு மேல் மின்பூட்டு: ஒன்றை இழுக்கும் காயிலுக்கு (கம்பிச்சுருளுக்கு) மின்சாரம், மற்றது இழுக்கப்படாதபோது மட்டும் மூடியிருக்கும் அதன் துணைக் கான்டாக்ட் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டும் வேண்டும். கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டால் மின்பூட்டு மட்டும் போதாது.

இரண்டாவது, ஸ்டார்ட் செய்யும் வரிசை. மின்சாரம் ஒரு நொடி கண் சிமிட்டியதற்கெல்லாம் இன்ஜினைக் கிளப்பக் கூடாது. 185 வோல்ட்டுக்குக் கீழே 5 நொடி நீடித்தால்தான் போனதாக எண்ண வேண்டும். சோக் மூட வேண்டும், பெட்ரோல் வால்வு திறக்க வேண்டும், ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும். 5 நொடிக்கு மேல் சுற்றக் கூடாது. பிடிக்காவிட்டால் 10 நொடி ஓய்வு, மறுபடி. மூன்று முறைக்கு மேல் வேண்டாம், நிறுத்திவிட்டு அலாரம் அடிக்க வேண்டும். இன்ஜின் பிடித்த அந்த நொடியே ஸ்டார்ட்டரை விடுவிக்க வேண்டும்; ஜெனரேட்டரின் அதிர்வெண் 20 ஹெர்ட்ஸைத் தாண்டினால் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். பிறகு சோக்கைத் திறந்து 20 நொடி சூடேறவிட்டு, மின்னழுத்தம் நிலைத்த பிறகே சுமையை மாற்ற வேண்டும்.

மின்சாரம் திரும்பியதும் ஓடிப்போய் மாறாதீர்கள். 200 வோல்ட்டுக்கு மேல் 5 நிமிடம் நிலையாக நிற்கட்டும். சுமையை மாற்றிய பின் இன்ஜின் 3 நிமிடம் வெறுமனே ஓடி ஆறட்டும். போவதற்கு 185, வருவதற்கு 200 என்ற இந்த இடைவெளி இல்லாவிட்டால், மின்னழுத்தம் 186-க்கும் 184-க்கும் இடையே ஆடும்போது கான்டாக்டர் இரவு முழுவதும் தட்டிக்கொண்டிருக்கும்.

சோக்கைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அரை மணிக்கு முன் ஓடி நின்ற இன்ஜின் சூடாக இருக்கும். அதற்கும் சோக்கை மூடினால் பெட்ரோல் மண்டி ஸ்பார்க் பிளக் நனைந்துவிடும். இன்ஜின் தலையில் வெப்ப உணரி ஒன்று வைத்து, குளிர்ந்திருந்தால் மட்டும் சோக்கை மூட வேண்டும்.

இத்தனையும் செய்யும் ஆயத்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. என் கருத்து: அதை வாங்குங்கள். ஈஎஸ்பி32-ஐ இந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

குறிமுறை:
நான் அதையே ஈஎஸ்பி32-ஐ வைத்துச் செய்தவன், ஆகவே இரு பக்கமும் சொல்கிறேன். ஐந்து மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பலகை தானாக மறுதொடக்கம் ஆனது. பலகையின் சில பின்கள் அது தொடங்கும் கணத்தில் ஒரு துடிப்பை வெளியிடும். என் ரிலேயோ பின்னில் மின்னழுத்தம் தாழ்ந்தால் இழுக்கும் வகை. அரை நொடி ஸ்டார்ட்டர் ரிலே இழுத்தது. 3000 ஆர்பிஎம்மில் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தின் பற்களில் ஸ்டார்ட்டரின் பல் போய் மோதியது. கொட்டகையிலிருந்து வந்த அந்த உராய்வுச் சத்தம் வீட்டின் முன்வாசல்வரை கேட்டது. பற்களில் நான்கு மழுங்கிவிட்டன, ஸ்டார்ட்டரை மாற்ற வேண்டியதாயிற்று.

பிறகு வேலையைப் பிரித்துவிட்டேன். இன்ஜினையும் கான்டாக்டரையும் ஆயத்தப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. ஈஎஸ்பி32 பார்க்கிறது, பதிகிறது, சொல்கிறது: கம்பியைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் உணரிகளால் ஒவ்வொரு சுற்றின் மின்னோட்டம், பேட்டரி மின்னழுத்தம், கொட்டகையின் வெப்பம், பெட்ரோல் அளவு. ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருளுக்கு அனுப்பி, கைபேசியில் செய்தி வருகிறது. முக்கியமில்லாத சுமைகளைத் துண்டிக்கும் கான்டாக்டர்களை அது இயக்கலாம். அது செத்தாலும் யாருக்கும் ஆபத்தில்லை. வைஃபை ரூட்டருக்கு ஒரு சிறு 12 வோல்ட் பேட்டரி கொடுங்கள். மின்சாரம் போனதைச் சொல்ல வேண்டியதே மின்சாரம் போனதும் செத்துவிடக் கூடாது.

சுழலி:
இந்தப் பிரிவினையை முழுமனதோடு ஏற்கிறேன்.

மெல்லொளி:
எல்லோரும் இன்ஜினையே பேசுகிறீர்கள். அப்பாவின் கருவியைப் பாருங்கள். செறிவூட்டி நின்று மறுபடி தொடங்கினால் உடனே முழுத் தூய்மையில் ஆக்சிஜன் வராது, சில நிமிடம் பிடிக்கும். சுழலி சொன்ன வரிசை மிகச் சரியாக நடந்தாலும் அரை நிமிடத்துக்கு மேல் இருட்டு. மூன்றாவது முயற்சியில்தான் பிடித்தால் ஒரு நிமிடம். இன்ஜின் பிடிக்கவே இல்லை என்றால்?

ஆகவே நடுவில் பேட்டரி வேண்டும். கணக்கு எளிது. 350 வாட், 8 மணி நேரம்: 2.8 யூனிட். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 3.2. 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 5.12 யூனிட் இருக்கிறது. அதில் 80 விழுக்காட்டைத் தயங்காமல் எடுக்கலாம், 4.1. ஓர் இரவு முழுவதும் ஜெனரேட்டர் இல்லாமலே கடந்துவிடும். ஈய அமிலப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும், ஆகவே அந்த வகை என்றால் ஏறக்குறைய 6.5 யூனிட் கொள்ளளவு வேண்டும்.

இன்வெர்ட்டர் தூய சைன் அலை வகையாக இருக்கட்டும். செறிவூட்டிக்குள் ஒரு கம்பிரஸர் இருக்கிறது. சதுர அலையில் அது சூடாகி உறுமும்.

பிறகு ஜெனரேட்டரின் வேலை பேட்டரியை நிரப்புவது மட்டும். ஹைபிரிட் இன்வெர்ட்டர்களில் இதற்கென்றே ஓர் உலர் கான்டாக்ட் (தானாக மின்சாரம் தராமல் சுவிட்ச் போல் மூடித் திறக்கும் முனை) உண்டு: பேட்டரி 30 விழுக்காட்டுக்கு இறங்கினால் மூடும், 80 வந்தால் திறக்கும். அதைச் சுழலி சொன்ன பெட்டியின் ஸ்டார்ட் முனையில் இணைத்தால் போதும். 350 வாட்டுக்காக 5 கேவிஏ இன்ஜினை எட்டு மணி நேரம் ஓட்டுவது பெட்ரோலை மண்ணில் ஊற்றுவதற்குச் சமம்; வெறுமனே ஓடினாலும் இன்ஜின் தன்னைச் சுற்றிக்கொள்ளவே கணிசமாகக் குடிக்கும். நல்ல சுமையில் இரண்டு மணி நேரம் ஓடி நிற்கட்டும்.

இன்னொன்று, இதுதான் முதலாவதாக வந்திருக்க வேண்டும்: மருத்துவரிடம் பேசி ஓர் ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிலுக்கு அருகிலேயே வையுங்கள். அதற்கு மின்சாரமே தேவையில்லை. அம்மா அதைத் திறந்து மாட்டக் கற்றுக்கொள்ளட்டும்.

இரவுக்காவல்:
சிலிண்டர் நேற்று வந்துவிட்டது. அம்மா மூன்று முறை மாட்டிக் கழற்றிப் பார்த்துவிட்டார்.

கிளாம்ப் மீட்டர் வாங்கி அளந்தேன். ஏசி ஓடும்போது 6.8 ஆம்பியர், கம்பிரஸர் பிடிக்கும் கணத்தில் 37 வரை தாவியது. மோட்டார் 5 ஆம்பியர், தொடக்கத்தில் 26. ஜெனரேட்டர் 5 கேவிஏ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. கீழே சிறிய எழுத்தில் தொடர் இயக்கத்துக்கு 4.5. அதாவது 20 ஆம்பியர்கூட இல்லை. ஏசி ஏன் அதில் ஒருநாளும் ஒழுங்காக ஓடவில்லை என்று புரிந்தது.

திருகாணி:
அளந்தது நல்ல காரியம். மோட்டார் வகைச் சுமைகள் பிடிக்கும்போது ஓடும் மின்னோட்டத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும்.

டிபி பெட்டியை (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டியை) மூன்றாகப் பிரியுங்கள். செறிவூட்டி, அப்பா அறை விளக்கும் விசிறியும், ரூட்டர் ஆகியவை இன்வெர்ட்டரின் வெளியீட்டில். குளிர்பதனப் பெட்டியும் மற்ற விளக்குகளும் ஜெனரேட்டர் வந்தால் வரும். ஏசியும் மோட்டாரும் தனித்தனிக் கான்டாக்டரில்; ஜெனரேட்டர் ஓடும்போது இரண்டும் ஒரே நேரத்தில் வர முடியாதபடி பூட்டு. ஏசிக்கு மென்தொடக்கி ஒன்று மாட்டினால் அந்த 37 நன்றாகக் குறையும். எந்தக் கம்பிரஸரையும் நின்ற உடனே மறுபடி கிளப்பாதீர்கள். உள்ளே அழுத்தம் இறங்க 3 முதல் 5 நிமிடம் வேண்டும். அந்தத் தாமதத்தைக் கான்டாக்டரிலேயே வையுங்கள்.

அடுத்து நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி. இதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். சேஞ்ச்ஓவர் இரண்டு போலையும் மாற்றட்டும், அதாவது நியூட்ரலும் மாற வேண்டும். அப்படிப் பிரித்த பிறகு ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு ஓர் இடத்தில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையடக்க ஜெனரேட்டர்கள் பலவற்றில் அது மிதந்துகொண்டிருக்கும். மிதக்கும் நியூட்ரலில் கசிவு மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை, ஆகவே ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) ட்ரிப் ஆகாது. அதன் டெஸ்ட் பொத்தான் மட்டும் வேலை செய்யும்! பொத்தான் உள்ளேயே ஒரு குறுக்குப் பாதையைப் பயன்படுத்துகிறது, எர்த்தைத் தொடுவதே இல்லை. அதை நம்பி ஏமாறாதீர்கள். மாறாக, நியூட்ரலை மாற்றாமல் ஜெனரேட்டரிலும் எர்த்து இணைப்புப் போட்டால், எர்த்துக் கம்பியில் எப்போதும் மின்னோட்டம் ஓடும்; காரணமில்லாமல் ட்ரிப் ஆகும். இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடும்போது அதன் நியூட்ரல் என்ன ஆகிறது என்பதையும் கையேட்டில் பாருங்கள். இந்தப் பகுதியை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும், உங்கள் பகுதி விதிகளின்படி.

மூச்சு:
இதுவரை யாரும் புகையைச் சொல்லவில்லை. தானாக ஓடும் ஜெனரேட்டர் யாரும் பார்க்காதபோது ஓடும். கொட்டகைக் கதவு மூடியிருக்கலாம், காற்று வீட்டுப் பக்கம் வீசலாம், எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. புகைக்குழாய் ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும். கொட்டகையின் இரண்டு எதிர்ச் சுவர்கள் திறந்திருக்கட்டும். படுக்கையறையில் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். உங்கள் அப்பாவின் நுரையீரலுக்குக் கொஞ்சமும் தாங்காது.

சுழலி:
மூச்சு சொன்னதை ஒரு படி மேலே கொண்டுபோகலாம். ரிலே வெளியீடு உள்ள அலாரம் கிடைத்தால், அதைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் அவசர நிறுத்த முனையில் மூடிய சுற்றாக இணையுங்கள். கம்பி அறுந்தாலும் இன்ஜின் நிற்கும்.

கொட்டகையில் கைக்கெட்டும் இடத்தில் “தானியங்கி – நிறுத்தம் – கையியக்கம்” என்ற சுவிட்ச் ஒன்று. ஆயில் மாற்றும்போது அதை நிறுத்தத்தில் வைத்து, ஸ்டார்ட்டர் பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றுங்கள். கை உள்ளே இருக்கும்போது மின்சாரம் போய் இன்ஜின் சுற்றத் தொடங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னிடம் வரும் “தானாக ஸ்டார்ட் ஆகவில்லை” என்ற புகார்களில் இன்ஜின் கோளாறு குறைவு. பேட்டரிதான். சும்மா நிற்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு 13.6 வோல்ட் அளவில் மெல்ல ஊட்டிக்கொண்டே இருக்கும் சார்ஜர் வேண்டும். அடுத்தது பழைய பெட்ரோல். சில மாதங்களில் கெட்டுப்போய்க் கார்புரேட்டரில் பிசின் போல் படியும். மாதம் ஒருமுறை, சுமையோடு, 20 நிமிடம் ஓட்டுங்கள்.

இரவுக்காவல்:
ஏழு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். வேலை முடிந்தது. மின்பணியாளர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். நியூட்ரலை மாற்றும் இரண்டு போல் சேஞ்ச்ஓவர், ஜெனரேட்டர் பக்கத்தில் தனி எர்த்து, மூன்று பிரிவு டிபி. இன்வெர்ட்டர் முதலில் ஜெனரேட்டரின் மின்சாரத்தை ஏற்கவே இல்லை: இரண்டு நொடிக்கு ஒருமுறை எடுப்பதும் விடுவதுமாக இருந்தது. ஜெனரேட்டர் சுமையில்லாதபோது 50-க்குப் பதில் 52.6 ஹெர்ட்ஸில் ஓடியது காரணம். சுழலி தனிச்செய்தியில் சொன்னபடி இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் திருகைச் சற்றுத் தளர்த்தி 51.5-க்குக் கொண்டுவந்தேன், இன்வெர்ட்டரின் ஏற்பு வரம்பையும் அகலப்படுத்தினேன். இப்போது 20 நொடியில் ஏற்றுக்கொள்கிறது. மின்னூட்டத்தை 30 ஆம்பியருக்குள் கட்டிவைத்திருக்கிறேன், அது 1.5 கிலோவாட், ஜெனரேட்டருக்குச் சுகமான சுமை.

கொட்டகையில் பின்சுவரை இடித்துக் கம்பிவலை போட்டேன். முதல் சோதனையில், கதவு திறந்திருந்தும், அப்பா அறையின் கார்பன் மோனாக்சைடு அலாரம் பத்து லட்சத்துக்கு 35 பங்கு என்று காட்டியது. புகைக்குழாயை மறுபக்கம் திருப்பிய பிறகு சுழியம்.

கடந்த செவ்வாய் இரவு 1.10-க்கு மின்சாரம் போனது. நான் அப்பா அறையில்தான் படுத்திருந்தேன், எனக்கே தெரியவில்லை. விசிறியின் வேகம்கூட மாறவில்லை. கைபேசி அதிர்ந்து எழுப்பியது. செறிவூட்டியின் பச்சை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அதன் குமிழிக் குடுவையில் நீர் கொப்பளிக்கும் சத்தம் தொடர்ந்து கேட்டது. 5.50-க்கு பேட்டரி 58 விழுக்காட்டில் இருந்தபோது மின்சாரம் வந்தது. ஜெனரேட்டர் ஓடவே இல்லை. அம்மா காலையில் எழுந்து, இரவு மின்சாரம் போனதா என்று கேட்டார்.

குறிமுறை:
மனம் நிறைந்தது. அடுத்து கூரையில் சூரியத் தகடு வைக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மின்வாரிய இணைப்போடு இணையும் வகை இன்வெர்ட்டரை ஜெனரேட்டரோடு ஒன்றாக ஓடவிடக் கூடாது. வீட்டில் சுமை குறைந்தால் அது மிச்சத்தை ஜெனரேட்டருக்குள்ளேயே தள்ளும். அந்தச் சுற்று சேஞ்ச்ஓவரின் மெயின்ஸ் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பழையகம்பி:
தம்பி, அந்த இரண்டு பக்கப் பிளக் கம்பி இப்போது எங்கே இருக்கிறது?

இரவுக்காவல்:
முதலில் பரணில் வைத்திருந்தேன், ஐயா. ஒருநாள் மின்பணியாளர் வந்து “அவசரத்துக்கு இருக்கட்டும்” என்றார். அன்று மாலையே எடுத்து நடுவில் வெட்டி, இரண்டு பிளக்கையும் சுத்தியலால் உடைத்துவிட்டேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.